மாடித் தரையில் மரப்பலகை பதிக்கும் முன்: மேடு பள்ளம் சரிசெய்யக் குமரி மாவட்டத்தாருக்கு ஒரு வழிகாட்டி

தக்கலைக்கு அருகே உள்ள எங்கள் வீட்டு மாடியில் மரத்தரை போடலாம் என்று முடிவெடுத்தபோது, நல்ல பலகை கிடைக்குமா என்பதுதான் கவலையாக இருந்தது. பலகை எளிதாகக் கிடைத்துவிட்டது. அதற்கு அடியில் இருக்க வேண்டிய தரையைத் தயார் செய்வதில்தான் அலைச்சல் முழுவதும். ஒரு கொத்தனார், மேலே சிமென்ட் பூசிவிட்டால் போதும் என்றார். பலகை விற்பவர், அடியில் நுரைத்தாள் விரித்தால் மேடு பள்ளம் எல்லாம் மறைந்துவிடும் என்றார். இன்னொருவர் பழைய டைல்ஸ் முழுவதையும் உடைக்கச் சொன்னார். மூவரில் ஒருவரும் தரையை அளந்து பார்க்கவில்லை. அளக்காமல் சொல்லும் யோசனை எதையும் ஏற்காதீர்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

பெரும்பாலும் கான்கிரீட் தளம் போட்ட மாடியை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். மரச் சட்டங்களின் மேல் தட்டுப் பலகை பாவிய பழைய வீட்டுக்காரர்களுக்கு 6-ஆம் படியில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

1. தரையை அளந்து, தரையிலேயே படம் வரையுங்கள்

அலுமினியக் கதவு, ஜன்னல் செய்யும் கடையில் 10 அடி நீளமுள்ள நேரான பெட்டிச் சட்டம் ஒன்று வாங்குங்கள். வளைந்திருக்கிறதா என்று கண்ணருகே வைத்துப் பார்த்து வாங்க வேண்டும். அதைத் தரையில் கிடத்தி, அடியில் எங்கே வெளிச்சம் தெரிகிறது என்று பாருங்கள். சுவருக்கு இணையாக, குறுக்காக, மூலைக்கு மூலை என்று இரண்டடிக்கு ஒரு முறை நகர்த்துங்கள். இடைவெளி தெரியும் இடத்தில் ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கி நுழைத்துப் பாருங்கள். இரண்டு நாணயம் சேர்ந்தால் ஏறக்குறைய 3 மி.மீ. கனம். பள்ளத்தைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, நடுவில் ஆழத்தை எழுதுங்கள். மேட்டுக்கு வேறு நிறம். ஒரு மாலைக்குள் அறை முழுவதும் கடல் வரைபடம்போல் ஆகிவிடும். அதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; விலை கேட்கப் போகும்போது பேசப்போவது அந்தப் படம்தான்.

எவ்வளவு வேறுபாடு பரவாயில்லை? ஒட்டிப் பதிக்கும் பலகைக்கும், ஒன்றோடொன்று பூட்டி மிதக்கவிடும் பலகைக்கும் 10 அடி நீளத்தில் 5 மி.மீ., 6 அடி நீளத்தில் 3 மி.மீ. வரை ஏற்பார்கள். ஆணியடிக்கும் பலகைக்கு 10 அடியில் 6 மி.மீ. வரை விடலாம். நீங்கள் வாங்கும் பலகையின் கையேட்டில் இதைவிடக் கடுமையாகச் சொல்லியிருந்தால் அதுவே கணக்கு.

செலவைப் பாதியாகக் குறைக்கக்கூடிய விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது. தரை ஒரு பக்கமாகச் சீராகச் சாய்ந்திருந்தால் மரத்துக்குத் தொல்லை இல்லை. கட்டிலும் அலமாரியும் ஆடாத அளவுக்குச் சாய்வு இருந்தால் விட்டுவிடுங்கள். பலகையைக் கெடுப்பது ஏறி இறங்கும் மேடு பள்ளம்தான். டியூப் மட்டம் பிடித்து, "இந்த மூலையில் ஒரு அங்குலம் தாழ்ந்திருக்கிறது, முழுவதும் ஏற்ற வேண்டும்" என்று ஒருவர் சொன்னால், அந்த ஒரு அங்குலம் எத்தனை அடி தூரத்தில் தாழ்கிறது என்று கேளுங்கள். அறை முழுவதும் மெல்லத் தாழ்ந்தால் ஏற்றத் தேவையில்லை. பால்கனிக்கும் குளியலறைக்கும் தண்ணீர் ஓடுவதற்காக வைத்த வாட்டத்தை ஒருபோதும் நிரப்பாதீர்கள்.

நுரைத்தாள் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது 2 அல்லது 3 மி.மீ. கனமுள்ள மெத்தை. பள்ளத்தின் மேல் விரித்தால் நடக்கும்போது பலகை அமுங்கும், கிறீச்சிடும், நாளடைவில் பலகையின் பூட்டு உடையும். அது பள்ளத்தை நிரப்புவதில்லை.

2. ஏன் மேடு பள்ளம் ஆனது என்று பாருங்கள்

சென்ட்ரிங் அடித்தபோது பலகை சற்று இறங்கி, தளமே அலையலையாக நின்றுவிடுவது சாதாரணம். பல வருடம் அப்படியே இருந்திருந்தால் அது ஆபத்தில்லை. ஆனால் நடுவில் தாழ்ந்திருக்கும் தளம் இன்னும் தாழ்ந்துகொண்டே போகிறதா என்பது வேறு கேள்வி. கீழ்த்தளக் கூரையில் விரிசல் இருந்தால் அதன் இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். சில வாரங்களில் விரிசல் கோட்டைத் தாண்டினாலும், சிமென்ட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தாலும், தரை வேலையை நிறுத்திவிட்டுக் கட்டடப் பொறியாளரை அழையுங்கள். மேலே கனம் ஏற்றுவது அந்த நிலையில் கெடுதல்.

பழைய டைல்ஸ் அல்லது மொசைக் இருந்தால் சுத்தியலின் மரப்பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். உறுதியாகப் பிடித்திருக்கும் கல் "டக்" என்று சுருக்கமாக ஒலிக்கும். அடியில் காற்று இருந்தால் வெற்றுப் பானை ஒலி வரும். வெற்றொலி கேட்கும் கற்களை மட்டும் பெயர்த்து, அந்த இடத்தை நிரப்பினால் போதும். எங்கள் மாடியில் பெரும்பாலான கற்கள் உறுதியாகவே இருந்தன. எல்லாவற்றையும் உடைத்திருந்தால் இடிபாடுகளைக் கீழே இறக்கும் கூலியே பெரிய தொகையாகியிருக்கும்.

3. ஈரத்தைச் சோதித்து, மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. இடையில் கோடை மழையும் எட்டிப் பார்க்கும். ஈரக் கலவை போட்டுக் காயவைக்க வேண்டிய வேலை என்றால் ஜனவரி நடுவில் தொடங்கி ஏப்ரலுக்குள் முடிப்பதுதான் நல்லது. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து மலையடிவார ஊர்களில் இந்த இடைவெளி இன்னும் குறுகியது. தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் சிக்கல் வேறு மாதிரி: காற்று வேகமாக அடித்தால் கலவையின் மேற்பரப்பு மட்டும் சட்டென்று உலர்ந்து வெடிப்பு விடும். அங்கே கலவை ஊற்றும் நாளில் ஜன்னல்களை அடைத்தே வைக்க வேண்டும்.

தளத்தின் ஈரத்தை அறிய எளிய சோதனை இருக்கிறது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தெளிந்த பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். நான் ஒரு நாள் முழுவதும் விடச் சொல்வேன். பிரித்துப் பார்க்கும்போது தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, அடியில் தரை கறுத்திருந்தாலோ ஈரம் இருக்கிறது. குளியலறைச் சுவர் ஓரம், மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவர் ஓரம், அறை நடு என்று குறைந்தது மூன்று இடங்களில் செய்யுங்கள். நடுவில் மட்டும் செய்துவிட்டு "காய்ந்துவிட்டது" என்று சொல்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் நடுப்பகுதி உலர்ந்திருந்தது. குளியலறைச் சுவர் ஓரத்தில் தாள் நனைந்திருந்தது. குழாய் இணைப்பில் கசிவு. அதைச் சரிசெய்யாமல் மரம் போட்டிருந்தால் அந்த ஓரப் பலகைகள் முதல் வருடமே உப்பியிருக்கும்.

இந்தச் சோதனை மேற்பரப்பு ஈரத்தை மட்டுமே காட்டும். கோடையில் தாள் உலர்ந்திருந்தாலும், சுவரின் அடியில் உப்புப் பூத்த தடமும் பெயின்ட் கொப்புளமும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மழைக்காலத்தில் அங்கே நீர் வருகிறது.

4. கனம், கதவு, படிக்கட்டு: மூன்றையும் கணக்குப் பாருங்கள்

கீழ்த்தளத்தில் எவ்வளவு சிமென்ட் போட்டாலும் மண் தாங்கும். மாடியில் அப்படி இல்லை. சிமென்ட் மணல் கலவை ஒரு சதுர மீட்டருக்கு ஒவ்வொரு மி.மீ. கனத்துக்கும் ஏறக்குறைய 2 கிலோ எடை. ஒரு அங்குலம் போட்டால் சதுர மீட்டருக்கு 50 கிலோ. 12 அடிக்கு 10 அடி அறையில் மொத்தம் அரை டன்னைத் தாண்டும். வீட்டு அறைகளில் மனிதர், சாமான் எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில்தான் தளம் வடிவமைக்கப்படுகிறது. அதில் கால்பங்கை வெறும் சிமென்ட்டுக்கே கொடுத்துவிடுகிறோம். பழைய தளத்தைப் பெயர்த்து எடுக்காமல் அதன் மேல் ஒரு அங்குலத்துக்கு மேல் போடச் சொன்னால், பொறியாளரிடம் கேட்காமல் சம்மதிக்க வேண்டாம்.

அடுத்து உயரம். நிரப்பும் கனம், அடித்தாள், பலகை எல்லாம் சேர்த்துக் கூட்டுங்கள். கதவின் அடி உரசுமா, பால்கனிக் கதவின் வாசல்படி மூழ்குமா, உள்சுவர் அலமாரியின் கதவு திறக்குமா என்று பாருங்கள். பலரும் மறப்பது படிக்கட்டு. மாடித் தரை 30 மி.மீ. உயர்ந்தால் கடைசிப் படி மட்டும் மற்றவற்றைவிட 30 மி.மீ. உயரமாகிவிடும். இருட்டில் ஏறும் முதியவர் அங்கேதான் இடறுவார். படிவாசலில் மெல்லச் சரியும் மரத்துண்டு கொடுக்கலாமா, அல்லது தரையின் கனத்தையே குறைக்கலாமா என்று ஆசாரியிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

5. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

தளத்தின் கம்பி வரைபடம் இருந்தால் தேடி எடுங்கள். பொறியாளருக்கு வேலை பாதியாகும். அடுக்குமாடி என்றால் சங்கத்தின் சம்மதக் கடிதமும், தேய்க்கும் இயந்திரம் ஓடும் நேரம் பற்றிய ஒப்புதலும் எழுத்தில் வாங்குங்கள். வேலைக்காரரின் மதிப்பீட்டில் "தரை சமன் செய்தல்" என்று ஒரே வரி இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எத்தனை மி.மீ. வரை சரிசெய்வார், எந்தப் பொருள், எத்தனை மூட்டை, மூட்டை கூடினால் யார் செலவு, பலகை பதிக்கும் முன் ஈரம் அளப்பது யார் என்பதெல்லாம் தனித்தனியே இருக்க வேண்டும். கலவை மூட்டைக்கும் பலகைக்கும் ஜி.எஸ்.டி. ரசீதும், கலவையின் தொழில்நுட்பத் தாளும் வாங்குங்கள். பலகைக்கு உத்தரவாதம் கொடுப்பவர்கள் பின்னால் கேட்கும் முதல் கேள்வி, பதிக்கும் நாளில் தரையின் ஈரம் எவ்வளவு என்பதுதான். ஈர மீட்டரைத் தரையில் வைத்து, தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

சொந்த விளையில் நிற்கும் மரத்தை அறுத்துப் பலகையாக்க நினைப்பவர்களுக்கு: தேக்கு, ஈட்டி போன்ற மரங்களை வெட்டும் முன்பே பட்டா நகலுடன் வனச்சரக அலுவலகம் சென்று, வெட்டவும் கொண்டுபோகவும் என்ன அனுமதி வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1968-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மரப் போக்குவரத்து விதிகள் இன்றும் இருக்கின்றன. லாரியில் ஏற்றிய பிறகு சீட்டுக்கு ஓடுவது வேதனை. அயினியோ பிலாவோ எதுவானாலும், அறுத்த பச்சைப் பலகை நிழலில் அடுக்கி மாதக்கணக்கில் காய வேண்டும். அதையும் நாள்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6. உங்கள் தரைக்கு ஏற்ற முறை

மேடு என்றால் தேய்ப்பதுதான் சிக்கனம். ஒரு சிறு மேட்டுக்காக அறை முழுவதையும் அதன் உயரத்துக்கு ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பணமும் கனமும் வீண். வைரக்கல் பூட்டிய தேய்ப்பு இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கிறது. தளத்தில் கம்பிக்கு மேல் இருக்கும் கான்கிரீட் மறைப்பு 20 மி.மீ. அளவில்தான் இருக்கும் என்பதால் சில மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. உளி வைத்துக் கொத்தவே வேண்டாம். தூசி நுரையீரலுக்குக் கேடு. தூசி உறிஞ்சும் இணைப்பும் நல்ல முகக்கவசமும் இல்லாமல் யாரையும் வேலை செய்ய விடாதீர்கள்.

3 முதல் 10 மி.மீ. வரையான பள்ளங்களுக்குச் செல்ஃப் லெவலிங் கலவை. தண்ணீர்போல ஊற்றினால் தானே பரவிச் சமமாகும் சிமென்ட் கலவை இது. ஒரு சதுர மீட்டருக்கு 1 மி.மீ. கனத்துக்கு ஏறக்குறைய 1.7 கிலோ பிடிக்கும். 12-க்கு 10 அடி அறை 11 சதுர மீட்டர் சொச்சம். சராசரி 5 மி.மீ. என்றால் 95 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டை நான்கு. ஒரு மூட்டை கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் தீர்ந்தால் ஓடிப்போய் வாங்கி வருவதற்குள் முதலில் ஊற்றியது இறுகிவிடும்.

ஊற்றும் முன் தரையை எண்ணெய், மெழுகு, தூசி இல்லாமல் சுத்தம் செய்து, பிரைமர் பூசிக் காயவிட வேண்டும். பழைய சிவப்புச் சிமென்ட் தரையில் வருடக்கணக்கில் தேய்த்த மெழுகு ஏறியிருக்கும். அதைச் சுரண்டாமல் ஊற்றினால் கலவை அப்பளமாகப் பெயர்ந்து வரும். தண்ணீரை மூட்டையில் சொன்ன அளவுக்கு அளந்தே ஊற்றுங்கள். "கொஞ்சம் இளகட்டும்" என்று ஒரு குவளை கூடுதலாக ஊற்றினால் மேற்பரப்பு மாவாக உதிரும். கலப்பவர் ஒருவர், ஊற்றுபவர் ஒருவர், பரப்பி முள் உருளை ஓட்டுபவர் ஒருவர் என்று மூன்று பேர் வேண்டும். கலந்த பிறகு கையில் இருப்பது 15, 20 நிமிடம்தான்.

மாடிக்கே உரிய ஆபத்து ஒன்று. கலவை நீர்போல இருப்பதால் சிறு துளையையும் விடாது. கீழ்த்தள மின்விசிறிக்காகத் தளத்தில் புதைத்த பெட்டி, மின்குழாய், பழைய தண்ணீர்க்குழாய் போன துளை, சுவரோர வெடிப்பு என எல்லாவற்றையும் முதல் நாளே அடைத்துவிடுங்கள். படிக்கட்டு வாயில் ஓரம் ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) வைத்து, அடியில் ஒட்டுப்பசை கொடுத்து அணை கட்டுங்கள். ஊற்றும்போது கீழே ஒருவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். எங்கள் வீட்டில் கீழ் அறை மின்விசிறியின் கிண்ணத்திலிருந்து சாம்பல் நிறத் துளி ஒன்று சொட்டியதை அப்படி நின்றவர்தான் கண்டார். உடனே மேலே அடைக்க முடிந்தது.

10 மி.மீ.க்கு மேல் பள்ளம் என்றால், கலவையைக் கனமாக ஊற்றலாமா என்று அதன் தொழில்நுட்பத் தாளைப் பாருங்கள். சில வகை ஏற்கும், சில ஏற்காது. ஓரிடத்தில் மட்டும் ஆழம் என்றால் சிமென்ட் மணல் கலவையால் நிரப்பி, மேலே மெல்லிய கலவை ஊற்றலாம். மணல் கழுவியதாக இருக்கட்டும். கடற்கரை ஊர்களில் கடல் மணல் கலந்துவிடும் பழக்கம் எங்காவது இருந்தால் தடுத்துவிடுங்கள். அந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

அறை முழுவதும் 30, 40 மி.மீ. ஏற்றம் இறக்கம் என்றால் என் சிபாரிசு ரீப்பர் சட்டம். பாலித்தீன் விரித்து, ஓரடி இடைவெளியில் ரீப்பர் வைத்து, பள்ளமான இடத்தில் ஆப்பு கொடுத்து நூல் பிடித்து மட்டம் செய்து, மேலே ஐ.எஸ். 710 முத்திரையுள்ள, ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை (பிளைவுட்) அடித்தால் சமதளம் கிடைக்கும். சிமென்ட்டின் கனமும் இல்லை, காயும் காத்திருப்பும் இல்லை. ஒட்டுப்பலகைகளுக்கு இடையே 3 மி.மீ. இடைவெளி விட வேண்டும். ஆப்பு நழுவாமல் ஒவ்வொன்றையும் திருகாணியால் பிடித்துவிட வேண்டும். ரீப்பருக்குக் கறையான் மருந்து அடிக்காமல் வைக்க வேண்டாம். தரையில் துளை போடும்போது மின்குழாய் போகும் பாதையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய மரத் தட்டு வீடு: பத்மநாபபுரம் அரண்மனையின் மேல்மாடிகளைப்போல மரத்தட்டின் மேல் நடக்கும் வீடுகள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. அவற்றின் மேல் ஈரக் கலவை எதையும் ஊற்றாதீர்கள். மரம் அந்த நீரைக் குடித்து அழுகும். முதலில் சுவருக்குள் போகும் உத்திர முனைகளைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் அழுகல். அங்கிருந்துதான் வேலை தொடங்க வேண்டும். முனை கெட்டியாக இருந்து நடுவில் மட்டும் தொய்ந்திருந்தால், தட்டுப் பலகையைக் கழற்றி, பழைய சட்டத்தின் பக்கவாட்டில் நேரான புதிய சட்டத்தைச் சரியான மட்டத்தில் வைத்துப் போல்ட் போட்டு இணைப்பது நிலைத்த வழி. மேடாக நிற்கும் சட்டத்தை இழைப்புளியால் சற்று இறக்கலாம். மேலே 18 மி.மீ. ஒட்டுப்பலகையை ஓரத்தில் 6 அங்குலத்துக்கு ஒன்று, நடுவில் 12 அங்குலத்துக்கு ஒன்று என்று திருகாணியால் பிடியுங்கள். ஆணி நாளடைவில் தளர்ந்து சத்தம் போடும். கடலுக்குப் பக்கத்தில் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியே வாங்குங்கள்.

7. காய விடுங்கள்

சண்டை வரும் இடம் இதுதான். வேலைக்காரருக்கு அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். "நாளைக்கே பலகை போடலாம்" என்பார். செல்ஃப் லெவலிங் கலவையின் மேல் சில மணி நேரத்தில் நடக்கலாம் என்பது உண்மை. நடப்பதும் மரம் பதிப்பதும் ஒன்றல்ல. சிமென்ட் மணல் பூச்சுக்கு ஒரு மி.மீ. கனத்துக்கு ஒரு நாள் என்பது பொதுக் கணக்கு. 40 மி.மீ. என்றால் 40 நாள், அதுவும் நல்ல காற்றோட்டம் இருந்தால். மழை குறுக்கிட்டால் நாள் நீளும். பாலித்தீன் சோதனையை மறுபடி செய்து, தாள் உலர்ந்து வந்த பிறகே அடுத்த அடி.

இதற்குள் பலகையை வரவழைத்து, பெட்டியைத் திறந்து அதே அறையில் அடுக்குங்கள். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தில் நின்றால் மரத்தின் ஈரம் 12 சதவீதம் அளவில் நிற்கும். காற்று 80 சதவீதம் ஆனால் மரம் 16-ஐ நெருங்கும். ஏ.சி. அறையில் உலர்த்திய பலகையை மழைமாதத்தில் இறுக்கிப் பதித்தால் அது விரிந்து கூடாரமாக எழும்பும். அடியில் ஒட்டுப்பலகை இருந்தால் அதற்கும் மேல் பலகைக்கும் ஈர வேறுபாடு, 3 அங்குலத்துக்குக் குறைந்த அகலப் பலகைக்கு 4 சதவீதத்துக்குள்ளும், அகலமான பலகைக்கு 2 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். ஓரிரு ஆயிரம் ரூபாய்க்கு முள் பதிக்கும் ஈர மீட்டர் கிடைக்கிறது. சுவரோரம் குறைந்தது 10, 12 மி.மீ. இடைவெளி விடச் சொல்லுங்கள். அதை ஓரப்பட்டை மறைத்துவிடும்.

8. செலவும் பணம் கொடுக்கும் முறையும்

செலவில் முதலிடம் கூலிக்குத்தான். கொத்தனாரின் நாள் கூலி ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிட்ட ஊர் இது. அதனால் அரைநாள் வேலைக்கு அழைத்து, தரை தயாராகாமல் திருப்பி அனுப்பினால் இழப்பு உங்களுக்கு. சுத்தம் செய்தல், துளை அடைத்தல், பிரைமர் பூசுதல் போன்றவற்றை நாமே முன்கூட்டி முடிக்கலாம். பொறியாளர் வந்து பார்ப்பதற்கான கட்டணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். விரிசல் உள்ள வீட்டில் அதுவே மிகவும் பயனுள்ள செலவு. சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசாமல், பொருளை நீங்களே மூட்டைக் கணக்கில் வாங்கி, கூலியைத் தனியாகப் பேசுங்கள். மொத்தமாகப் பேசும்போது ஊற்றும் கனம் குறைந்துபோவதைத் தடுக்க வழியில்லை.

முன்பணம் பொருளின் விலையைத் தாண்ட வேண்டாம். சமன் செய்த பிறகு, 1-ஆம் படியில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு அதே அலுமினியச் சட்டத்தை அதே இடங்களில் அவர் முன்னாலேயே கிடத்திப் பார்த்து, இரண்டு நாணயம் நுழையும் இடம் எதுவும் இல்லை என்றால் அடுத்த தவணை கொடுங்கள். பத்தில் ஒரு பங்கையாவது பலகை பதித்து ஒரு மழைக்காலம் கழியும் வரை நிறுத்திவைப்பதாக முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மழை நின்றதும் அறையில் மெல்ல நடந்து, சத்தம் வரும் இடத்தையும், ஓரம் தூக்கிய பலகையையும் குறித்துக் கொடுத்து, சரிசெய்த பின் மீதியைத் தீர்த்துவிடலாம்.